என்விடிஏ தமிழ்க் குறிப்புகளை மட்டும் உளறுகிறது, உதவுங்கள்

தேனி மாணவி:
வணக்கம். எனக்குப் பார்வை முழுவதும் இல்லை. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். பயிற்சி மையத்தில் திருக்குறள் குறிப்புகளை வேர்டு கோப்பாகத் தந்தார்கள். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருள் அதில் ஒரு சொல்லைக்கூடத் தமிழாகச் சொல்லவில்லை. அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாக நகர்ந்தால், முதல் வரியே "எம், எஃப், யூ", இடைவெளி, "கே, ஜே, ஒய்". திரையில் நல்ல தமிழ்தான் தெரிகிறது என்கிறாள் தங்கை. செய்தித் தளங்களை இதே குரல் சரியாக வாசிக்கிறது. நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பார்த்துவிட்டேன். தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.

சேலம் வாசகர்:
குரலை மாற்றிப் பாருங்கள். இன்சர்ட் + கண்ட்ரோல் + எஸ் அழுத்தி விண்டோஸ் ஒன்கோர் என்ற பேச்சுப்பொறியை எடுத்தால், தமிழுக்கு வள்ளுவர் குரல் இருக்கும்.

விரல்நுனி:
குரலில் கோளாறு இல்லைம்மா. நீங்கள் கேட்டதே "அகர முதல"தான்! பாமினி எழுத்துருவில் எம் என்றால் அ, எஃப் என்றால் க, யூ என்றால் ர. கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள்; எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் போட்டுக் காட்டுகிறது. தங்கை பார்ப்பது வடிவத்தை. என்விடிஏ வாசிப்பது உள்ளே இருக்கும் குறியீட்டை.

வரியில் நின்று இன்சர்ட் + எஃப் அழுத்துங்கள், எழுத்துருவின் பெயரைச் சொல்லும். பாமினி என்றால் உரையை நகலெடுத்து, என்எச்எம் கன்வர்ட்டரில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு, அதாவது தமிழைத் தமிழாகவே பதியும் பொதுக் குறியீட்டு முறைக்கு, மாற்றுங்கள். இலவச மென்பொருள்தான். வானவில் என்ற இன்னொரு எழுத்துருவைச் சொன்னால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தவறாக எடுத்தால் வேறு குப்பை வரும்.

நானும் பார்வையற்றவன். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. இன்னும் நம் கைக்கு இப்படிப்பட்ட கோப்புகள் வருவது வேதனையாக இருக்கிறது.

தேனி மாணவி:
அண்ணா, பாமினியேதான்! மாற்றியதும் "அகர முதல எழுத்தெல்லாம்" என்று வாசித்தது. அழுதே விட்டேன். ஆனால் நடுவில் இருந்த ஆங்கிலச் சொற்கள் ஏதோ தமிழ் எழுத்துகளாகிவிட்டன. இன்னொரு பிடிஎஃப் பேசவே மாட்டேன் என்கிறது.

விரல்நுனி:
ஆங்கிலச் சொற்களையும் பாமினி என்றே நினைத்து மாற்றிவிடும். அந்த இடங்களை விட்டுவிட்டுப் பத்தி பத்தியாக மாற்றுங்கள். பேசாத பிடிஎஃப் ஸ்கேன் செய்த படமாக இருக்கும். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக்கித் தரும். பக்கவாட்டில் இரண்டு நெடுவரிசையாக அச்சான பக்கமென்றால் வரிகள் கலந்துவிடும். ஆண்டுகளையும் எண்களையும் மட்டும் தங்கையிடம் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

தேனி மாணவி:
சரிண்ணா. மீதி ஆறு கோப்புகளை இன்று இரவே மாற்றுகிறேன். இனி யூனிகோடிலேயே தரச் சொல்லி மையத்தில் நாளை கேட்கிறேன்.