தேக்கா கலவரம்: போலீஸ் அன்று சுட்டிருக்க வேண்டுமா?

சிராங்கூன்காரன்
2013 டிசம்பர் 8 இரவு எடுத்த அந்தக் காணொளி மறுபடி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. கல்லும் போத்தலும் பறக்க, ஆம்புலன்ஸுக்குள் இருந்த அதிகாரிகள் கதவைத் திறந்துகொண்டு ஓடுகிறார்கள். சிங்கப்பூரின் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தனியார் பேருந்தில் அடிபட்டுத் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்ததும் மூண்ட கலவரம். அதிகாரிகள் 54 பேருக்குக் காயம், 23 வாகனங்கள் சேதம், அதில் 5 எரிந்தே போயின. இடுப்பில் துப்பாக்கி இருந்தும் ஒருவரும் சுடவில்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்திருந்தால் கூட்டம் சிதறியிருக்கும். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகுட்டி இருக்கிறதே!

முத்துநகர்ப் பெண்
அண்ணே, வானம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். பக்கத்திலேயே பஃபலோ ரோடு அடுக்குமாடி வீடுகள். அன்று ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். சுட்ட குண்டு எங்கே போய் விழும்? எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்பில் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்தார்கள். எங்கள் தெருவில் அன்று ராத்திரி ஒரு வீட்டிலும் விளக்குப் போடவில்லை. தேக்காவில் விபத்துக்குப் பிறகு இன்னொரு உயிர் போகவில்லை. எனக்கு அதுதான் பெரிசு.

சிராங்கூன்காரன்
தூத்துக்குடியில் மக்கள் மனு கொடுக்கப் போனார்கள், தங்கச்சி. இங்கே ஆம்புலன்ஸைக் கொளுத்தினார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

முத்துநகர்ப் பெண்
கூட்டத்தை ஒன்றாக்கவில்லை அண்ணே. துப்பாக்கி இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்கிறேன்.

கேடயம்82
நான் இங்கே ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையைப் போலீஸில் முடித்தவன். சுடுவதா, சும்மா இருப்பதா என்று இரண்டே வழி இருப்பதுபோலப் பேசுகிறீர்கள். நடுவில்தான் எல்லாமே இருக்கிறது. தனியாக நிற்கும் போலீஸ்காரர் கையில் ஒரு தடி. முன்னால் நூறு பேர். பயத்தில் ஓங்கினால் அடி தலையில் விழும், ஆளே போய்விடுவார். அதே ஆளை இருபது பேரோடு கேடயம் தொட்டு வரிசையில் நிறுத்துங்கள். அடிக்கவே வேண்டியிருக்காது. ஓரடி வைத்தால் கூட்டம் இரண்டடி பின்னால் போகும். கலவரத் தடுப்புப் படை வந்து இறங்கியதும் நடந்தது அதுதான். ஆனால் விபத்து நடந்தது ஒன்பதரைக்குச் சற்று முன். படை வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014இல் சொன்னதும் இதைத்தான். பேருந்து ஓட்டுநரையும் பெண் ஊழியரையும் காப்பாற்றி வெளியே கொண்டுவந்தவர்களைப் பாராட்டியது. படைக்காகக் காத்து ஒரே இடத்தில் நின்றதைக் குறை சொன்னது. படையை அனுப்ப வாங்க வேண்டிய அனுமதிகளைக் குறைக்கச் சொன்னது. நிதானம் வேறு, கைகட்டி நிற்பது வேறு. தீ வைத்தவர்களுக்குத் துணிச்சல் வந்ததே யாரும் நெருங்கி வராததால்தான்.

கட்டுமானத் தம்பி
அன்று நான் அங்கே இருந்தேன். கல்லை எடுக்கவில்லை, ஓரமாக நின்றேன். இறந்தவரை விட்டுவிட்டு ஓட்டுநரைத்தான் காப்பாற்றுகிறார்கள் என்று எனக்குப் பக்கத்தில் ஒருவர் கத்தினார். அது பொய் என்று எங்களுக்கு யார் சொன்னது? பேருந்துக்கு அடியில் இருந்தவர் உயிர் போய்விட்டது, உடலை எடுக்கத்தான் பாடுபடுகிறார்கள் என்று ஒலிபெருக்கியில் தமிழில் யாராவது சொன்னார்களா? என் காதில் விழவில்லை. குடித்திருந்தவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள், ஒத்துக்கொள்கிறேன். என்னைப்போல் வேடிக்கை பார்த்தவர்கள் நகர்ந்திருப்போம். நாங்கள் நின்றதால்தான் கல் எறிந்தவர்களுக்கு மறைவு கிடைத்தது. அது இன்றும் உறுத்துகிறது.

சிராங்கூன்காரன்
தம்பி, நீங்கள் சொன்னது எனக்குத் தெரியாத பக்கம். வானத்தில் சுடுவதைப் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், அந்த அடுக்குமாடியில் என் சித்தியும் குடியிருந்தார். ஆனால் கேடயம், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். படை வருவதற்கு முன் அந்த ஆம்புலன்ஸுக்குள் இருந்தவர்கள் என்னதான் செய்திருக்க முடியும்?

கேடயம்82
அவர்கள் ஓடியது சரி. உள்ளேயே இருந்திருந்தால் வண்டியோடு எரிந்திருப்பார்கள், இல்லையென்றால் யாரையாவது சுட்டிருப்பார்கள். என் கோபம் அவர்கள்மேல் இல்லை. கொஞ்ச தூரத்தில் நின்றவர்கள் ஒன்றுசேர்ந்து வரிசை கட்டி அவர்களை நோக்கி நடந்து வரவில்லையே, அதன்மேல்தான்.