கரை ஒதுங்கிய திமிங்கிலத்தைக் கடற்கரையிலேயே புதைப்பது கடலில் இறங்குவோருக்குப் பாதுகாப்பானதா?

அலைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் வடகரையில் ஒரு சிற்றூரில் குடியிருக்கிறோம். ஐந்து நாட்களுக்கு முன் ஏறத்தாழ 11 மீட்டர் நீளமுள்ள கூன்முதுகுத் திமிங்கிலம் ஒன்று இறந்து கரை ஒதுங்கியது. நிர்வாகத்தினர் மணல்மேட்டின் அடியிலேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள். நேற்றுக் காலை நானும் என் மகனும் அங்கே நடந்தபோது, புதைத்த இடத்திலிருந்து மஞ்சள் நிற எண்ணெய்ப் பிசுக்கு ஒரு முழ அகலத்துக்குக் கடலை நோக்கி இறங்கியிருந்ததைக் கண்டோம். அதைத் தொட்டுப் பார்த்தவன் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் வாடை போகவில்லை. அவன் நாள்தோறும் அங்கேதான் அலைச்சறுக்குக்குப் போகிறான். சுறாக்கள் இதை மோப்பம் பிடித்து வருமா? தோண்டி எடுக்கச் சொல்லி மனுக் கொடுக்கலாமா?

நெய்தல்

வணக்கம் சகோதரி. உங்கள் மாநிலத்திலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. 2017 செப்டம்பரில் போர்ட் மெக்வாரி நகரின் நாபிஸ் கடற்கரையில் ஒரு கூன்முதுகுத் திமிங்கிலத்தை மணலில் புதைத்தார்கள். சுறாக்கள் வந்துவிடும் என்று ஊர் மக்கள் எதிர்த்ததால் அதைத் திரும்பத் தோண்டி எடுத்துக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். அழுகிய உடலைத் தோண்டுவது புதிய உடலை ஏற்றுவதைவிடப் பன்மடங்கு கடினமான வேலை என்பதால், முதல் நாளே லாரியில் ஏற்றியிருந்தால் இரட்டைச் செலவு ஆகியிருக்காது.

சுறாவைப் பொறுத்தவரை இரண்டு நிலைமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உடல் நீரில் மிதந்தாலோ, அலை அடிக்கும் இடத்தில் கிடந்தாலோ, வெள்ளைச் சுறாவும் புலிச் சுறாவும் அதைத் தின்ன வரும் என்பதில் ஐயமே இல்லை. அப்போது கடற்கரையை மூடியே ஆக வேண்டும். புதைத்த உடலின் கசிவு சுறாக்களைக் கரைக்கு இழுத்ததாக நேரடியாகக் காட்டிய சான்று எதையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் மணல் என்பது சல்லடை. மழைநீரும் நிலத்தடி நீரும் அதனூடாகக் கடலுக்குத்தான் வடிகின்றன, கொழுப்பு மிகுந்த உடல் மணலுக்குள் மட்கப் பல ஆண்டுகள் ஆகும். பிசுக்கு கண்ணுக்கே தெரிகிறது என்றால் குழி நீர்மட்டத்தைத் தொட்டிருக்கலாம். மனுவில் இதையே முதலில் எழுதுங்கள். படமும் எடுத்து இணையுங்கள். அந்தப் பிசுக்கை இனித் தொட வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள், கடல் பாலூட்டிகளிடமிருந்து புருசெல்லா போன்ற கிருமிகள் மனிதருக்குத் தொற்றக்கூடும்.

தேரிமணல்

அக்கா, கடலுக்குள் இழுத்து விட்டுவிடலாமே என்று உங்கள் ஊரிலும் யாராவது சொல்லுவார்கள். நான் மணப்பாட்டுக்காரன். 2016 ஜனவரியில் திருச்செந்தூரை ஒட்டிய எங்கள் கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. உயிரோடிருந்தவற்றை எங்கள் ஊர்க்காரர்கள் படகில் கயிறு கட்டி இழுத்துப்போய் விட்டார்கள். பல திரும்பக் கரைக்கே வந்தன. வழிதேடும் வலுவுள்ள உயிரே அப்படி வந்தது என்றால், செத்த உடலைக் காற்றும் நீரோட்டமும் எந்த ஊர்க் கரையில் கொண்டுபோய்ப் போடும் என்று யாரால் சொல்ல முடியும்? இறந்த நாற்பத்தைந்துக்கும் மேற்பட்டவற்றைப் பொக்லைன் வைத்துக் கரையில்தான் புதைத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை உங்கள் திமிங்கிலத்தில் பாதி நீளம்கூட இருக்காது, அதனால் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது.

நெய்தல்

தேரிமணல் சொல்வது சரி. ஆழ்கடலில் எடை கட்டி மூழ்கடித்தால் அந்த உடல் பல பத்தாண்டுகள் அடித்தள உயிர்களுக்கு உணவாகும். ஆனால் அதற்குத் தகுந்த கப்பல் வேண்டும், கயிற்றை அவிழ்த்துவிட்டுத் திரும்புவது போதாது. வெடி வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். 1970 நவம்பரில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து ஃபுளோரன்ஸ் கடற்கரையில் அரை டன் டைனமைட் வைத்தார்கள்; தொலைவில் நின்றிருந்த காரின் மேற்கூரையைக் கொழுப்புத் துண்டு நசுக்கியது, உடலின் பெரும்பகுதியோ அங்கேயே கிடந்தது.

சகோதரி, இன்னொன்றும் கேட்டறியுங்கள். அந்தத் திமிங்கிலம் உயிரோடு ஒதுங்கி, ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்யப்பட்டதா? அப்படியானால் மருந்து உடலிலேயே தங்கி, தோண்டித் தின்னும் நாய்க்கும் பறவைக்கும் நஞ்சாகலாம்.

அலைக்கரை

மிக்க நன்றி. கேட்டுவிட்டேன், இறந்தே ஒதுங்கியதாம், ஊசி எதுவும் போடவில்லை. எண்ணெய்ப் பிசுக்கைப் படமெடுத்து, குழியின் ஆழத்தையும் நிலத்தடி நீர்மட்டத்தையும் எழுத்தில் தரும்படி இன்று மனு அனுப்பியிருக்கிறேன். பதில் வரும்வரை மகன் தெற்கே நான்கு கிலோமீட்டர் தள்ளியுள்ள, காவலர் நிற்கும் கடற்கரைக்குப் போக ஒப்புக்கொண்டான்.