எம்எஸ் 250 பிஸ்டன்ல கோடு: சிலிண்டரைக் காப்பாத்தலாமா, செட்டையே மாத்தலாமா?

தோப்புக்காரன்:
ஸ்டில் எம்எஸ் 250 செயின்சா, மரம் அறுக்கிற பழைய மெஷின். அறுத்துக்கிட்டிருக்கும்போதே ரேஸ் தானா ஏறி, நின்னுபோச்சு. ஆறினதுக்கு அப்புறம் கயிறு லேசா வருது. கம்ப்ரஷன் 85 பிஎஸ்ஐதான். சைலன்சரைக் கழற்றிப் பார்த்தா பிஸ்டன்ல அந்தப் பக்கம் மட்டும் நெடுக்குக் கோடு. கார்புரேட்டர் பக்கம் சுத்தமா இருக்கு. சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்த செட் வாங்கிப் போட்டுடலாமா?

கடைக்கணக்கு:
போட்டுடுங்க. 42.5 எம்எம் போர், டூப்ளிகேட் செட் தாராளமா கிடைக்குது. வாங்குறதுக்கு முன்னாடி பழைய பிஸ்டன் பின்னை வெர்னியர்ல அளந்துக்குங்க. கோடு விழுந்த சிலிண்டரைத் தேய்ச்சு உட்கார்ந்தா கூலிதான் ஏறும்.

டூஸ்ட்ரோக்:
செட் மாத்துறது ரெண்டாவது வேலை அண்ணே. ஏன் பிடிச்சதுன்னு தெரியாம புதுசு போட்டா அதுவும் பிடிக்கும். ஆயிலே கலக்காம ஓட்டியிருந்தா சுத்திவரக் கோடு விழும். ஃபில்டர் வழியா தூசி போயிருந்தா இன்டேக் பக்கம், அதாவது கார்புரேட்டர் பக்கம், மங்கலாத் தேய்ஞ்சிருக்கும். சைலன்சர் பக்கம் மட்டும்னா பெரும்பாலும் லீன் சூடு, அதாவது பெட்ரோல் குறைஞ்சு காத்து கூடினதால வந்த சூடு. நிக்கிறதுக்கு முன்னாடி ரேஸ் தானா ஏறியிருக்கு. எங்கேயோ காத்து இழுக்குது. இன்டேக் ரப்பர் விரிசலா, கிராங்க் ஆயில் சீலான்னு முதல்ல பார்க்கணும்.

கடைக்கணக்கு:
கார்புரேட்டர் ஸ்க்ரூவை அரை சுத்து திறந்துவிட்டா சரியாகிடும் தம்பி.

டூஸ்ட்ரோக்:
ஆகாது. காத்துக் கசிவு எப்பவும் ஒரே அளவா இருக்காது. ஐடில்ல ஒரு மாதிரி, சூடானா ஒரு மாதிரி. இன்னைக்கு வெச்ச ட்யூனிங் நாளைக்கு லீன் ஆகும்.

கழற்றுறதுக்கு முன்னாடியே டெஸ்ட் பண்ணுங்க. டியூப் ரப்பரை வெட்டி சைலன்சருக்கு அடியில வெச்சு இறுக்குங்க, இன்டேக்கையும் அடைங்க. கேஜ் வெச்ச கைப்பம்புல 0.5 பார், அதாவது 7 பிஎஸ்ஐ, அதுக்கு மேல வேண்டாம். 20 செகண்ட் முள் நிக்கணும். இறங்கினா மாக்னெட் பக்கமும் கிளட்ச் பக்கமும் சோப்புத் தண்ணி தடவுங்க, குமிழி காட்டிக்கொடுக்கும். அதோட விட்டுடாதீங்க, உள்ளே இருக்கிற காத்தை உறிஞ்சி வாக்யூமும் பார்க்கணும். சீல் உதடு உள்பக்கம் பார்த்து இருக்கு. உள்ளே பிரஷர் கொடுத்தா உதடு ஷாஃப்ட்ல நல்லா ஒட்டிக்கும், கெட்டுப்போன சீலும் பாஸ் ஆகிடும். வாக்யூம்லதான் உதடு தூக்கும்.

கடைக்கணக்கு:
டெஸ்ட் சரி, ஒத்துக்கிறேன். ஆனா இந்த மாடல்ல சிலிண்டரைத் தனியாத் தூக்க முடியாது. இன்ஜினையே பாடியிலிருந்து இறக்கி, அடித்தட்டோட நாலு போல்ட்டைக் கழற்றணும். கிராங்கும் பேரிங்கும் நடுவுல உட்கார்ந்திருக்கு. இவ்வளவு பிரிச்சபிறகு பழைய சிலிண்டரையே திருப்பிப் போடணுமா?

டூஸ்ட்ரோக்:
அவ்வளவு பிரிக்கிறதாலதான் சொல்றேன். அந்தக் காசை ரெண்டு சீலுக்கும் நல்ல பிஸ்டனுக்கும் போடுங்க. சிலிண்டர்ல தெரியுற கோடு பாதிக்கு மேல பிஸ்டன் அலுமினியம் ஒட்டினதுதான். உள்பூச்சு அதைவிட ரொம்பக் கெட்டி.

பாத்ரூம் ஆசிட்டை பஞ்சுக்குச்சியில தொட்டு அந்தக் கோட்டு மேல மட்டும் தடவுங்க. அலுமினியம் இருக்கிறவரை நுரைக்கும். துடைச்சுத் துடைச்சுத் தடவுங்க, நுரை நின்னா நிறுத்திடுங்க. போர்ட், அதாவது சிலிண்டர் சுவத்துல இருக்கிற வாய், அதோட விளிம்பு வெறும் அலுமினியம், அங்கே பட்டா அரிச்சிடும். வெட்டவெளியில, கிளவுஸ், கண்ணாடி போட்டுத்தான் செய்யணும். அப்புறம் சோடா உப்புத் தண்ணியில கழுவி, எண்ணெய் தடவுங்க. நகத்தை நெடுக்கா இல்லாம குறுக்கா ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டினா பூச்சு போச்சு, அப்ப செட்டேதான்.

கடைக்கணக்கு:
டூப்ளிகேட் செட்டுல அந்தத் தலைவலி கிடையாதே.

டூஸ்ட்ரோக்:
வேற தலைவலி இருக்கு. போர்ட் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், ரிங் மாட்டி உடையும், மெல்லிசா மழுக்கணும். ரிங்கைத் தனியா சிலிண்டருக்குள்ள விட்டு வாய் இடைவெளி பாருங்க. 0.1 எம்எம் கூட இல்லைன்னா சூடானதும் முட்டிக்கும். கூட வர்ற சர்க்ளிப்பை, அதாவது பிஸ்டன் பின் நழுவாமப் பிடிக்கிற கம்பி வளையத்தை, தூக்கிப்போட்டுட்டு ஒரிஜினல் வாங்குங்க. சர்க்ளிப் வாய் மேலேயோ கீழேயோ பார்த்து இருக்கணும், பக்கவாட்டுல வெச்சா பிஸ்டன் ஓட்டத்துல சுருங்கிக் கழண்டுவரும். பிஸ்டன் அம்புக்குறி சைலன்சர் பக்கம்.

கடைக்கணக்கு:
பிரிச்ச உடனே கனெக்டிங் ராடை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க தோப்புக்காரரே. பக்கவாட்டுல லேசா ஆடலாம். மேல் கீழ் ஆட்டம் துளி இருந்தாலும், ராட் அடிப்பக்கம் நீலம் பாய்ஞ்சிருந்தாலும் சிலிண்டரைப் பத்தி பேசுறதே வீண். கிராங்க் விலையோட சேர்த்தா கணக்கு உதைக்கும், உதிரிபாகத்துக்குக் கொடுத்துடுங்க. கிளட்ச் இடதுமரை, கழற்ற வலதுபக்கம் சுத்தணும்.

தோப்புக்காரன்:
ஆயில் லிட்டருக்கு 20 மில்லி போட்டேன். 40 போட்டிருந்தா தப்பிச்சிருக்குமா?

கடைக்கணக்கு:
தப்பிச்சிருக்கும். ஆயில் கூடினா மிக்சர் ரிச்சாகும், லீனுக்கு நேர் எதிர்.

டூஸ்ட்ரோக்:
அது தப்பு அண்ணே. ஜெட் வழியா போறது மொத்த அளவு. ஆயில் கூடினா அதுக்குள்ள பெட்ரோல் குறையும், மிக்சர் லீன் பக்கம்தான் போகும். ஸ்டில் ஆயில்னா 1:50, மத்த டூஸ்ட்ரோக் ஆயில்னா 1:25 என்கிறதுதான் மேனுவல் கணக்கு. வேற ஆயில் ஊத்தியிருந்தா 20 மில்லி பத்தாது, சரி. ஆனா ரேஸ் ஏறினதுக்கு ஆயில் காரணம் இல்லை. இப்ப வர்ற, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்ல அதே ட்யூனிங் இன்னும் லீனாகும், ஈரத்தையும் இழுக்கும். ரெண்டு மூணு வாரத்துக்கு மேல கலந்து வைக்காதீங்க.

சேர்த்து முடிச்சதும் மறுபடி பிரஷர், வாக்யூம் ரெண்டும் பாருங்க. அடித்தட்டுல சீலன்ட் ஓட்டை விட்டிருந்தா அங்கேயே தெரிஞ்சிடும். ட்யூனிங்குல, ஃபுல் த்ராட்டில்ல வெறுமனே ஓடும்போது சத்தம் தடதடன்னு உடையணும், மரத்துல வெச்சதும் தெளியணும். வெறும் ஓட்டத்துலயே கீச்சுன்னு தெளிவா இருந்தா கார்புரேட்டர்ல ஃபுல் த்ராட்டில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற ஹெச் ஸ்க்ரூவை உடனே திறங்க.