பிளஸ் டூ முடித்த மகளை ஆன்லைன் பட்டப்படிப்பில் சேர்க்கலாமா?

ஆண்டிபட்டிக்காரன்:
வணக்கம். மக பிளஸ் டூ முடிச்சிருக்கா, கணக்குல நல்ல மார்க். ஐஐடி மெட்ராஸ் 2020-ல ஆரம்பிச்ச டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பை வீட்டுல இருந்தே படிக்கிறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. இந்தப் பக்கம் அரசு கலைக் கல்லூரியில பி.எஸ்சி. கணிதம் சீட் கெடச்சிருக்கு. காலைல ஏழு பத்து பஸ்ஸைப் பிடிச்சாத்தான் போக முடியும். நான் லாரி ஓட்டுறவன், இதெல்லாம் பழக்கமில்ல. கொரோனா சமயத்துல சின்னவன் போனை வச்சுக்கிட்டு ஒண்ணுமே படிக்காமப் போனதைக் கண்ணால பாத்திருக்கேன். அந்தப் பயம் இன்னும் போகல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கல்வராயன் டீச்சர்:
காலேஜுக்கே அனுப்புங்க சார். உங்க பயம் நியாயமானது. மலையில ஒரு அரசு தொடக்கப்பள்ளியில வேலை பாக்குறேன். 2020-ல ஒண்ணாம் வகுப்புல பேர் மட்டும் எழுதின பிள்ளைங்க, 2021 நவம்பர் 1-ம் தேதிதான் முதல் தடவையா வகுப்பறைக்கு வந்தாங்க. அப்ப அவங்க ரெண்டாம் வகுப்பு. நடுவுல கல்வித் தொலைக்காட்சியில பாடம் ஓடுச்சு, போன் இருந்த வீட்டுக்கு வாட்ஸ்ஆப்ல வீட்டுப்பாடம் அனுப்பினோம்.

ஒரு பையனோட நோட்டு போட்டோ வாரா வாரம் வரும். எழுத்து அழகா இருக்கும், நானும் பச்சை டிக் போட்டு அனுப்புவேன். நேர்ல வந்து பலகையில ‘அ’ போடச் சொன்னேன். வாலுல இருந்து ஆரம்பிச்சு மேல போனான், பாதியில நின்னுட்டு என் மூஞ்சியப் பாத்தான். அத்தனை நாளும் எழுதி அனுப்பினது அவன் அக்கா. அப்படியே அவனே எழுதியிருந்தாலும், கை எந்தப் பக்கமாப் போச்சுன்னு போட்டோவுல எனக்குத் தெரிஞ்சிருக்காது. பக்கத்துல உக்காந்து மணிக்கட்டைப் பிடிச்சாத்தான் தெரியும்.

போடி அக்கா:
டீச்சர், நீங்க சொன்னதைப் படிக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா அது ஆறு வயசுப் பிள்ளை, இது பதினேழு வயசுப் பொண்ணு. ரெண்டையும் ஒரே தராசுல போடாதீங்க.

நான் அந்தப் பி.எஸ்.தான் படிக்கிறேன். கல்யாணத்தால காலேஜ் பாதியில நின்னு போச்சு, இப்ப மக மூணாவது படிக்கிறா. எந்தக் காலேஜ் என்னை உள்ள விடும்? இதுக்கு ஜேஇஇ கேக்கல. நாலு வாரம் பாடம் பாத்து, வாரா வாரம் அசைன்மென்ட் முடிச்சு, நேர்ல போய் தகுதித் தேர்வு எழுதி உள்ள வந்தேன். நிபந்தனை நிகழ்தகவுப் பாடம், அதாவது ஒண்ணு நடந்திருந்தா இன்னொண்ணு நடக்க எவ்வளவு வாய்ப்புங்கிற கணக்கு, எனக்கு ஏறவே இல்ல. காலேஜ்ல இருந்தப்போ எழுந்து கேக்கக் கூச்சப்பட்டு அப்படியே விட்டிருக்கேன். இங்க அதே விரிவுரையை ஏழு தடவை போட்டேன். மாவு ஆட்டுற கிரைண்டர் பக்கத்துல நோட்டு, காதுல ஹெட்செட். ஏழாவது தடவைதான் அதுல வர்ற பேயஸ் விதியில கீழ இருக்கிற பகுதி எதுக்குன்னு பிடிபட்டுச்சு. எந்த வாத்தியாரும் எனக்காக ஏழு தடவை சொல்ல மாட்டாங்க. அது அவங்க தப்பும் இல்ல, அறுபது பேரை வச்சுக்கிட்டு முடியாது.

இசிஇ வாத்தியார்:
ஒரு பொறியியல் கல்லூரியில பாடம் எடுக்கிறேன். அக்கா சொன்னது உண்மை. ஆனா அவங்களுக்குப் படிக்கணும்னு வெறி இருந்துச்சு. எல்லாருக்கும் அப்படி இருக்காது.

ஐஐடிங்க சேர்ந்து ஆன்லைன்ல பாடம் கொடுக்கிற என்பிடெல் திட்டம் 2003-ல ஆரம்பிச்சது. பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் பணம், அதுவும் மையத்துக்குப் போய்த்தான் எழுதணும். இந்தியாவுல அதைவிட நல்ல பொறியியல் விரிவுரை நான் பாத்ததில்ல. ஆனா வாராந்திர அசைன்மென்ட் விடை திங்கட்கிழமையே மாணவர் குழுவுல சுத்துது. வீடியோவைத் திறக்காமலே அசைன்மென்ட்டுக்கான 25 சதவீத மார்க்கை வாங்கிடுறாங்க. தேர்வு மையத்துல போய் மாட்டிக்கிறாங்க.

இன்னொண்ணு. 2020-ல சேர்ந்த செட்டுக்கு முதல் வருஷ லேப் முழுக்கத் திரையிலதான். நேர்ல வந்ததும் ஒரு பையன் பிரெட்போர்டுல, அதான் சர்க்யூட் செருகிப் பாக்குற துளைப் பலகையில, ரெசிஸ்டரோட ரெண்டு காலையும் ஒரே வரிசையில செருகிட்டு, சர்க்யூட் ஏன் வேலை செய்யலன்னு ஒரு மணி நேரம் முழிச்சான். ஒரு வரிசையில இருக்கிற அஞ்சு துளையும் உள்ளுக்குள்ள ஒண்ணுன்னு சிமுலேஷன்ல கத்துக்க அவனுக்கு வாய்ப்பே வரல. நல்லாப் படிக்கிற பையன் அவன்.

கல்வராயன் டீச்சர்:
சார் சொல்றதுதான் என் கவலையும். கிராமத்துப் பிள்ளைங்க எவ்வளவு படிக்கிறாங்கன்னு வீடு வீடாப் போய் எடுக்கிற ஏசர் கணக்கைப் பாருங்க. ரெண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிஞ்ச மூணாம் வகுப்புப் பிள்ளைங்க, நாடு முழுக்கக் கிராமங்கள்ல 2018-ல 27.3 சதவீதம். 2022-ல 20.5. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததோட விலை அது.

போடி அக்கா:
அதே கணக்கை நானும் கேக்குறேன் டீச்சர். பள்ளிக்கூடம் தெனமும் தொறந்திருந்த 2018-லயே நூத்துக்கு எழுபத்திமூணு பிள்ளைங்களால படிக்க முடியலையே? அதுக்கு எந்தப் போன் காரணம்?

கல்வராயன் டீச்சர்:
இதுக்கு என்கிட்ட பதில் இல்லம்மா. அஞ்சு வகுப்புக்கு ரெண்டு டீச்சர்ங்கிற பள்ளிக்கூடத்துல இருந்துதான் நான் பேசுறேன். ஆனா பிறகு சரிபண்ணக் கை கொடுத்தது எதுன்னு பாருங்க. 2021 அக்டோபர்ல வந்த இல்லம் தேடிக் கல்வி. எங்க ஊர்ல பிளஸ் டூ படிச்ச ஒரு பொண்ணு சாயங்காலம் திண்ணையில பிள்ளைங்களை உக்கார வச்சுச் சொல்லிக் கொடுத்தா. அந்த ‘அ’ பையன் பொங்கலுக்குள்ள தன் பேரை எழுதிட்டான். ஆள் பக்கத்துல இருந்ததாலதான் அது நடந்துச்சு. இப்ப யூகேஜி பிள்ளைக்குக்கூட ஆப் வாங்கச் சொல்லி, தவணையில கட்டலாம்னு வீட்டுக்கே வந்து பேசுறாங்க. சின்னப் பிள்ளைங்க விஷயத்துல நான் விட்டுக் கொடுக்க மாட்டேன்.

போடி அக்கா:
சின்னப் பிள்ளைங்களுக்கு நானும் கேக்கல. என் மகளையே ஆப்ல விடல.

ஆண்டிபட்டிக்காரன்:
எல்லாத்தையும் மககிட்ட படிச்சுக் காட்டினேன். ரெண்டையும் சேத்துப் படிக்க முடியுமான்னு கேக்குறா.

இசிஇ வாத்தியார்:
முடியும். ஒரே சமயத்துல ரெண்டு பட்டம் படிக்க யுஜிசி 2022-லயே அனுமதி கொடுத்துடுச்சு. ஒண்ணு நேர்ல, ஒண்ணு ஆன்லைன்ல இருக்கலாம். என் யோசனை: கணிதம் சீட்டை விடாதீங்க. பி.எஸ்.ல முதல் டேர்முக்கு ரெண்டு பாடம் மட்டும் எடுக்கட்டும், நாலு வேண்டாம். காலேஜ்ல கூடப் படிக்கிறவங்க, நூலகம், சந்தேகம் கேக்க ஒரு மேடம், இதெல்லாம் அந்த வயசுல வேணும். பாடப்பாடமாப் பணம் கட்டலாம். வருமானம் குறைவா இருந்தா சலுகை உண்டு, சான்றிதழை இப்பவே எடுத்து வச்சுக்கோங்க. விரிவுரை எல்லாம் ஆங்கிலம், அதுக்கும் தயாராகணும்.

போடி அக்கா:
அண்ணே, ஏழு பத்து பஸ்ல போயி சாயங்காலம் திரும்புற பொண்ணுக்கு ராத்திரிதான் படிக்க நேரம். வீட்டு வேலையை அவ தலையில கட்டாதீங்க. நான் பட்ட பாடு அதுதான். போனுக்குப் பதிலா பழைய லேப்டாப் ஒண்ணு பாருங்க. போன்ல புரோகிராம் அடிச்சா கண்ணு போயிடும்.

ஆண்டிபட்டிக்காரன்:
சரிம்மா. லேப்டாப் மதுரையில விசாரிக்கிறேன். தேர்வுக்கும் மதுரைக்குத்தான் போகணுமா?

போடி அக்கா:
நான் மதுரையிலதான் எழுதுறேன். விடிகாலை பஸ்ஸுக்குப் போடியில ஏறுவேன், ஆண்டிபட்டி வழியாத்தான் போகும். அவ தேர்வும் அதே நாள்ல வந்தா ஸ்டாண்டுல நிக்கச் சொல்லுங்க, கூட்டிட்டுப் போயிட்டு வரேன்.