கூடைப்பந்து வீல்சேர் ஓடாமல் இழுத்துப் பிடிக்கிறது. காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொத்தனார் தி.மலை:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முதுகுத்தண்டில் டி-10 காயம், அதாவது மார்புப் பகுதி முள்ளெலும்புகளில் மேலிருந்து பத்தாவது. 6 வருஷத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்தேன், அதுவரை கொத்தனார் வேலை. இப்போது வாரம் மூன்று நாள் ஒரு பள்ளி மைதானத்தில் வீல்சேர் கூடைப்பந்து ஆடுகிறேன். உடம்பு எவ்வளவு ஒத்துழைக்கிறது என்பதை வைத்து ஒவ்வொருவருக்கும் பாயிண்ட் கொடுப்பார்கள், டீமில் நான் 2 பாயிண்ட் ஆட்டக்காரன்.

என் விளையாட்டு வீல்சேர் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கேம்பர் உண்டு, சக்கரம் மேலே உள்வாங்கி கீழே அகன்று நிற்கும். ஃபிரேம் முழுக்க வெல்டிங். ஒரு வருஷம் அருமையாக ஓடியது. இரண்டு மாசமாகத்தான் தொல்லை. ஓங்கி ஒரு தள்ளு தள்ளினால் முன்பு பாதி கோர்ட் போகும். இப்போது நாலு மீட்டரில் நின்றுவிடுகிறது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது. பந்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு தள்ளுக்கு மேல் தள்ளக்கூடாது, அதற்குள் தரையில் தட்டியாக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு தள்ளில் என்னால் எங்கேயும் போய்ச் சேர முடியவில்லை.

மூன்று மாசம் முன் போட்ட புது டயர் அதற்குள் வழவழ என்று தேய்ந்துவிட்டது. ராத்திரியில் வலது தோள்பட்டை குத்துகிறது. எல்லோரும் "பயிற்சி போதவில்லை" என்கிறார்கள். நான் ஒரு நாள்கூட விட்டதில்லை. மனசு கஷ்டமாக இருக்கிறது.

சைக்கிள் கடை:
அண்ணா, காற்று எவ்வளவு வைக்கிறீர்கள்? கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பது போதாது, கேஜ் வைத்துப் பாருங்கள். டயர் ஓரத்திலேயே எவ்வளவு என்று அச்சடித்திருக்கும். அப்புறம் வண்டியைத் தூக்கிவைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். சீக்கிரம் நின்றால் பேரிங் போயிருக்கும். முன்னால் இருக்கிற சின்னச் சக்கரத்தில் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொள்ளும், அதையும் பாருங்கள்.

கொத்தனார் தி.மலை:
தம்பி, காற்று இரண்டு பக்கமும் 110 பி.எஸ்.ஐ. டயரில் போட்டிருப்பதும் அதுதான். தூக்கிவைத்துச் சுற்றினால் நிற்காமல் சுற்றுகிறது. சின்னச் சக்கரத்தில் முடி எதுவும் இல்லை. இரண்டு மாசம் முன்னால்தான் புதுசு மாற்றினேன்.

பழைய பாயிண்ட் கார்டு:
இருங்கள். தொல்லை ஆரம்பித்ததும் இரண்டு மாசம், காஸ்டர், அதான் முன்னால் இருக்கிற சின்னச் சக்கரம், மாற்றியதும் இரண்டு மாசமா? பழைய காஸ்டர் என்ன அளவு, புதுசு என்ன அளவு?

கொத்தனார் தி.மலை:
பழையது 76 மில்லிமீட்டர், ஸ்கேட்டிங் சக்கரம். எங்கள் கோர்ட் சிமெண்ட் தரை, நடுவில் நீளமாக வெடிப்பு விட்டிருக்கிறது. சின்னச் சக்கரம் அதில் மாட்டி இரண்டு தடவை முகம் குப்புற விழுந்தேன். அதனால் 100 மில்லிமீட்டர் போட்டேன்.

பழைய பாயிண்ட் கார்டு:
வினை அங்கேதான் இருக்கிறது. உங்கள் கையில் குறை இல்லை.

காஸ்டர் பெரிசானதும் வண்டியின் முன்பக்கம் 12 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டது. ஃபிரேம் பின்பக்கம் சாய்ந்திருக்கும். சாதாரண வீல்சேரில் சக்கரம் நேராக நிற்பதால் இந்தச் சாய்வு பெரிசாகத் தெரியாது. கேம்பர் வைத்த வண்டியில் அப்படி இல்லை. ஃபிரேம் பின்னால் சாய்ந்தால் இரண்டு பெரிய சக்கரமும் முன்பக்கம் விரிந்துகொள்ளும். பாதங்களை வெளிப்பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு நேராக நடக்கப் பார்க்கிற மாதிரி. இடது சக்கரம் இடப்பக்கம் போகப் பார்க்கும், வலது சக்கரம் வலப்பக்கம் போகப் பார்க்கும். வண்டி நேராகப் போவதால் டயர் தரையில் தேய்ந்துகொண்டே வரும். டயர் வழவழப்பானது அதனால்தான். தூக்கிவைத்தால் தேய்க்கத் தரை இல்லை, அதனால் சக்கரம் நன்றாகச் சுற்றுகிறது.

அளந்து பாருங்கள். மட்டமான தரையில் வண்டியை நிறுத்தி நீங்கள் ஏறி உட்காருங்கள், ஆள் பாரம் இருந்தால்தான் அளவு சரியாக வரும். ஆக்சில் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில், இரண்டு டயருக்கும் இடையே முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் விட்டுவிடலாம்.

கொத்தனார் தி.மலை:
அண்ணா, பழைய ரசமட்டத்தையும் டேப்பையும் தேடி எடுத்தேன். நான் உட்கார்ந்திருக்க, வீட்டில் அவள் அளந்தாள். முன்பக்கம் 66.8 சென்டிமீட்டர், பின்பக்கம் 65.6. இரண்டு தடவை அளந்தும் அதேதான். முழுசாக 12 மில்லிமீட்டர் வித்தியாசம்! ஒரு சுவர் இவ்வளவு விலகியிருந்தால் இடித்துக் கட்டியிருப்பேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பின்னால் கவிழாமல் இருக்க வைத்த குட்டிச் சக்கரம் தரையில் உரசி ஒரு பக்கம் தட்டையாகியிருக்கிறது.

பழைய பாயிண்ட் கார்டு:
ஃபிரேம் பின்னால் சாய்ந்ததற்கு அதுவும் சாட்சி. போல்ட் வைத்த வண்டியாக இருந்தால், இரண்டு பெரிய சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற கேம்பர் குழாயைத் தளர்த்தி, திருப்பிச் சரிசெய்து முடுக்கிவிடலாம். உங்களுடையது வெல்டிங், அதனால் ஒரே வழிதான்: பழைய 76-க்கே திரும்புங்கள். ஸ்கேட்டிங் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். பேரிங் 608 என்று கேளுங்கள், உள்ளே 8, வெளியே 22 மில்லிமீட்டர்.

இயன்முறை அக்கா:
தோளை விட்டுவிடாதீர்கள் தம்பி. வீல்சேரில் இருப்பவர்களுக்குத் தோள்தான் கால். வண்டியைச் சரிசெய்த பிறகும் இரண்டு வாரம் ஆட்டத்தைக் குறையுங்கள். குட்டிக் குட்டியாக அடிக்காமல், ரிம்மை நீளமாகப் பிடித்துத் தள்ளிக் கையைத் தளரவிடுங்கள். தள்ளும்போது முன்பக்கத் தசைக்குத்தான் வேலை அதிகம். அதனால் ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையைப் பின்னால் இழுக்கிற பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். அதற்கப்புறமும் ராத்திரி வலி நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். விளையாட்டு வண்டியில் மெத்தை மெல்லிசாக இருக்கும், உடம்பை வண்டியோடு சேர்த்துக் கட்டுகிற பட்டையும் இறுக்கியிருப்பீர்கள். ஆட்டம் முடிந்ததும் கண்ணாடி வைத்துப் பின்பக்கத் தோலைப் பாருங்கள். சிவப்பு மறையாமல் இருந்தால் அந்த இடத்தில் பாரம் ஏற்றக்கூடாது.

தங்கை ஒருத்தி:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் அண்ணனுக்கு டி-4. வெயிலில் ஆடினால் முகம் சிவந்து தலை சுற்றுகிறது என்கிறார். ஆடவிடலாமா?

இயன்முறை அக்கா:
ஆடலாம், நேரத்தை மாற்றுங்கள். டி-6-க்கு மேல் காயம் இருந்தால் அதற்குக் கீழே உடம்பு சரியாக வியர்க்காது, சூடு இறங்காது. காலை 8 மணிக்குள் முடிக்கச் சொல்லுங்கள். முகத்திலும் கையிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கட்டும், கழுத்தில் ஈரத்துண்டு. ஆனால் திடீரென்று மண்டை இடிக்கிற வலி வந்தால் வெயில் என்று நினைக்காதீர்கள். இரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். நிமிர்த்தி உட்காரவைத்து, பட்டைகளைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, சிறுநீர் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கட்டாயம் தாமதிக்கக்கூடாது.

பழைய பாயிண்ட் கார்டு:
கொத்தனார் தம்பி, ஒன்று மறந்துவிட்டேன். 76 போட்டால் வெடிப்பில் மறுபடி மாட்டுமே. கோர்ட்டை மாற்ற முடியுமா?

கொத்தனார் தி.மலை (10 நாள் கழித்து):
முடிந்துவிட்டது அண்ணா. சின்னச் சக்கரம் மாற்றி அளந்தேன்: முன்னால் 66.2, பின்னால் 66.1. அன்று சாயங்காலமே ஒரே தள்ளில் நடுக்கோட்டைத் தாண்டினேன். கண் கலங்கிவிட்டது, மறைக்க விரும்பவில்லை.

கோர்ட்டை நானே பார்த்துக்கொண்டேன். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கினேன், முன்பு என்னோடு வேலை செய்த பையன் வந்தான். வெடிப்பை உளியால் அகலப்படுத்திக் கழுவி, சிமெண்ட் பால் ஊற்றி, ஒன்றுக்கு மூன்று கலவை போட்டோம். வண்டியிலிருந்து தரையில் இறங்கி உட்கார்ந்து நான்தான் கரண்டி பிடித்தேன். 6 வருஷத்துக்கு அப்புறம். ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு நனைத்தோம். நேற்று சாக்கை எடுத்துவிட்டு மேலே ஓட்டிப் பார்த்தேன், காஸ்டர் தடுக்கவே இல்லை.

தோள் பாதி குறைந்திருக்கிறது. ரப்பர் பட்டை ஜன்னலில் கட்டியாயிற்று, அக்கா.