ஜெர்மனி: வேலைக்கு ஒப்புக்கொள்ளட்டுமா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்

திருச்சிப்பெண்
அக்கா, அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம். கணவரின் வேலைக்காக இங்கே வந்தோம். ஊரில் நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தவள். இப்போது இங்கே ஒரு கம்பெனியில் ஆஃபர் வந்துவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். மாமியார் தினமும் வீடியோ காலில், "நான் வருகிற வரைக்கும் பொறு, பிள்ளையை முன்பின் தெரியாதவர்கள் கையில் விடாதே" என்கிறார். அம்மாவாவது எனக்காகப் பேசுவார் என்று பார்த்தால் அவரும் அதையேதான் சொல்கிறார். கணவர் முதலில் சந்தோஷப்பட்டார், அப்புறம் அவருடைய நண்பர்கள், மனைவி சம்பளத்தில் பாதி வரிக்கே போய்விடும், எதற்கு அலைச்சல் என்று சொன்னதிலிருந்து வாயே திறப்பதில்லை. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. என்ன செய்யட்டும்?

முனிச்வாசி
தங்கச்சி, முதலில் ஜெர்மன் படி. நான் வந்த புதிதில் கடையில் மோரையும் பாலையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் நின்றவள். நவம்பரில் நான்கரை மணிக்கே இருட்டிவிடும், தள்ளுவண்டியோடு பஸ் நிறுத்தத்தில் நிற்பேன், பேசுவதற்கு ஓர் ஆள் கிடையாது. வார இறுதியில் அவருடைய நண்பர்கள் வீட்டுக்குப் போவோம், ஆண்கள் ஹாலில் விசா, சம்பளம், வேலை மாறுவது என்று பேசுவார்கள், நாங்கள் அடுப்படியில் இருப்போம். எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு ஒருநாளும் அடுப்படிக்கு வந்ததில்லை. ஜெர்மன் மொழியில் B1 நிலை முடித்த பிறகுதான் எனக்கு நிமிர்ந்து நடக்க முடிந்தது. தவிர கீட்டா (குழந்தைகள் காப்பகம்) இடத்துக்கு இங்கே படுகிற பாடு சொல்லி முடியாது, அதை நம்பி வேலைக்கு ஒப்புக்கொள்ளாதே.

கொங்குத்தமிழன்
மொழி முடித்துவிட்டுத்தான் வேலை என்றால் வருஷம் ஓடிவிடும். ஆங்கிலத்திலேயே ஆஃபர் கொடுத்திருக்கிறார்கள் என்றால் போங்கள் சகோதரி, ஜெர்மன் ஆபீஸிலேயே பழகிவிடும். என் மனைவி அப்படித்தான் பழகினாள்.

சுண்டல்அக்கா
எனக்கு வேலை வந்தது கொலுவில். எங்கள் வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வாங்க வந்த ஒரு அக்கா, சுண்டல் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "எங்கள் டீமில் ஓர் இடம் இருக்கிறது, இன்றைக்கே ரெஸ்யூமை அனுப்பு" என்றார். அதற்கு முன் நான் போட்ட விண்ணப்பங்கள் எதற்கும் பதில்கூட வந்ததில்லை. வேலைக்குப் போகிற பெண்களோடு பழகு ம்மா, அவர்கள் சொல்லும் கணக்கும் வேறு, தரும் தைரியமும் வேறு.

ஹாம்புர்க்மாமி
எதற்கு அவசரம்? மினிஜாப் என்கிற சின்னப் பகுதிநேர வேலை பார்க்கலாமே, மாதம் ஒரு வரம்பு வரைக்கும் (2025இல் 556 யூரோ) உன் கையில் வரி பிடிக்க மாட்டார்கள், குழந்தையையும் பார்த்துக்கொள்ளலாம்.

சுண்டல்அக்கா
மாமி, மன்னிக்கணும். மினிஜாப்பில் வேலையின்மைக் காப்பீடு கிடையாது, ஓய்வூதியத்துக்கும் சேர்வது சொற்பம். படித்த வேலை கையில் வந்து நிற்கும்போது அதை விட்டுவிட்டு அங்கே ஏன் போகணும்?

முனிச்வாசி
கீட்டாவில் இடம் கிடைத்தாலும் நிம்மதி இல்லை. ஆள் பற்றாக்குறை என்று மூன்று மணிக்கே மூடுவார்கள். பிள்ளைக்கு ஜுரம் என்றால் அப்பா நம்பரும் கொடுத்திருப்போம், கூப்பிடுவது அம்மாவைத்தான்.

நெல்லைக்காரி
ஊரிலிருந்து வருகிற பேச்சு இன்னும் மோசம். குடும்ப வாட்ஸாப் குழுவில் என் நாத்தனார், "பாவம் பிள்ளை, காலை எட்டு மணிக்கே கொண்டு போய் விட்டுவிடுகிறார்கள்" என்று எழுதினார். விடுவது என் கணவர்தான், அவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கும் மனது ஆறவில்லை.

சுண்டல்அக்கா
அவள் வெள்ளிக்குள் பதில் சொல்லணும். திருச்சி, எந்த ஊர், குழந்தைக்கு என்ன வயது, உன் விசா கார்டில் என்ன எழுதியிருக்கிறது? இதில் ஒன்றைக்கூட நீ சொல்லவில்லையே.

திருச்சிப்பெண்
பதற்றத்தில் விட்டுவிட்டது அக்கா. பெர்லின். மகனுக்கு இரண்டு வயது, இன்னும் கீட்டா போகவில்லை. கணவருக்கு ப்ளூ கார்டு (படித்த வேலைக்காரர்களுக்கான விசா), என் கார்டில் "எர்வெர்ப்ஸ்டேட்டிக்கைட் எர்லவுப்ட்" (வேலை செய்ய அனுமதி உண்டு) என்று இருக்கிறது. இரண்டு மாதம் கழித்துச் சேர்ந்தால் போதும் என்கிறார்கள். மாமியார் விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை.

பெர்லின்அம்மா
அப்படியென்றால் கையெழுத்துப் போடு. கார்டில் அந்த வரி இருந்தால் எந்த வேலைக்கும் போகலாம், தனி அனுமதி வேண்டாம். பெரும்பாலும் ஆறு மாதம் ப்ரோபெட்ஸைட் (சோதனைக் காலம்) இருக்கும், அதற்குள் ஒத்துவரவில்லை என்றால் வழக்கமாக இரண்டு வார நோட்டீஸில் விலகலாம்.

முனிச் நிலைமை பெர்லினில் இல்லை. பிறப்பு குறைந்துபோய் இங்கே பல கீட்டாக்களில் காலியிடம் இருக்கிறது. ஒரு வயது முடிந்த குழந்தைக்கு இடம் கேட்கும் உரிமை 2013 ஆகஸ்டிலிருந்தே சட்டத்தில் உண்டு. பெர்லினில் கீட்டாவுக்குக் கட்டணமும் கிடையாது, சாப்பாட்டுக்கு மாதம் 23 யூரோதான், சில இடங்களில் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். இன்றைக்கே உங்கள் வட்டார யூகென்ட்ஆம்ட்டில் (குழந்தைகள் நல அலுவலகம்) கீட்டா குட்ஷைனுக்கு, அதாவது கீட்டாவில் சேர்க்கத் தேவையான அனுமதிச் சீட்டுக்கு, விண்ணப்பம் போடு. முழுநாள் இடத்துக்கு இரண்டு பேரின் வேலைச் சான்றும் கேட்பார்கள், ஆக அந்த ஒப்பந்தம் உனக்கு அதற்கும் வேண்டும்.

குழந்தையைப் பழக்கும் ஐன்கெவோனுங்குக்குச் சில வாரம் ஆகும். முதலில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாய், அப்புறம் பத்து நிமிடம் வெளியே போகச் சொல்வார்கள், மெதுவாக நேரத்தைக் கூட்டுவார்கள். அதைப் பாதி உன் கணவர் லீவு போட்டுச் செய்யட்டும், கீட்டா ஆசிரியைகளுக்கு அவர் முகமும் பழகும். பிள்ளைக்கு உடம்பு முடியாத நாளுக்கும் அப்படியே. அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்தால் 2025இல் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஒரு குழந்தைக்கு வருஷம் 15 நாள் விடுப்பு உண்டு, அவருக்கும் உண்டு.

மாமியார் ஷெங்கன் விசாவில் வந்தால் 180 நாளில் 90 நாள்தான் இருக்க முடியும். அவரை நம்பி நிறுத்தினால் அவர் ஊருக்குத் திரும்பிய மறுநாள் என்ன செய்வாய்? நீ வேலையில் சேரும் சமயத்துக்கு வரச் சொல், மாலையில் பேரனை அவர் போய்க் கூட்டி வரட்டும், பிள்ளை அங்கே விளையாடுவதைக் கண்ணால் பார்த்தால் அவர் பயமும் குறையும்.

வரி விஷயம்: அந்த நண்பர்கள் சொல்வது கணவருக்கு 3, மனைவிக்கு 5 என்று வரி வகுப்பு எடுக்கிற கணக்கு. 5இல் உன் சம்பளத்தில் அதிகம் பிடிப்பார்கள், அவருடையதில் குறைவாகப் பிடிப்பார்கள். வருஷக் கடைசியில் சேர்த்துக் கணக்குக் கொடுக்கும்போது குடும்பத்தின் மொத்த வரி ஒன்றுதான். இரண்டு பேரும் 4 எடுங்கள், எல்ஸ்டர் என்கிற வரித்துறை இணையதளத்திலேயே மாற்றலாம். நாளைக்கு வேலையின்மைப் பணம், எல்டர்கெல்ட் (பிள்ளை பிறந்தால் பெற்றோருக்குத் தரும் உதவித்தொகை) எல்லாம் உன் நிகரச் சம்பளத்தை வைத்துத்தான் வரும், 5இல் இருந்தால் அதுவும் குறையும். இன்றிரவு கணவரோடு உட்கார்ந்து, தாளில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டு.

திருச்சிப்பெண்
காட்டினேன் அக்கா. நாளைக் காலை யூகென்ட்ஆம்ட்டுக்கு அவர்தான் போகிறார். பாங்கோ பக்கம் இருக்கிறோம், அங்கே தெரிந்த கீட்டா யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள்.

பெர்லின்அம்மா
நானும் பாங்கோதான். தனிச்செய்தி அனுப்பு.