தட்டைப்பயறில் உற்பத்தித்திறன் வளர்ந்ததா என்று எப்படி அளப்பது?

ஆடிப்பட்டம்:
தருமபுரிப் பக்கம் மானாவாரியில் தட்டைப்பயறு போடும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றுக்காகக் கேட்கிறேன். உறுப்பினர்களில் பலர் நிலக்கடலையில் ஊடுபயிராகத்தான் விதைக்கிறார்கள். விதையும் பயிற்சியும் கொடுத்த பிறகு உற்பத்தித்திறன் கூடியதா என்று மூன்று வருடம் பார்க்க வேண்டும். "ஏக்கருக்கு எத்தனை மூட்டை?" என்று கேட்டு எழுதினால் போதுமா?

களத்துமேடு:
போதாதுங்க. மூட்டை ஆளுக்கு ஆள் மாறும். ஏக்கர் என்று சொல்வதும் பட்டாவில் இருக்கும் அளவு. வரப்பு, பாறை, மரநிழல் போக விதைத்தது குறைவாகவே இருக்கும். விதைத்த ஓரத்திலேயே ஜிபிஎஸ்ஸோடு சுற்றி நடந்து அளங்கள். பத்து சென்ட், இருபது சென்ட் துண்டுகளுக்கு டேப்தான் சரி.

மகசூலுக்கு 5×5 மீட்டர் சதுரம். இடத்தைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், நல்ல பயிராகப் பார்த்து முளை அடிக்கக் கூடாது. மூலைவிட்டம் 7.07 மீட்டர் வந்தால்தான் அது சதுரம். கொடி வெளியே ஓடினாலும் வேர் உள்ளே இருந்தால் அந்தச் செடி கணக்கில் சேரும்.

பலரும் கோட்டை விடுவது பறிப்பில். தட்டைப்பயறு ஒரே நாளில் முற்றாது. இரண்டு மூன்று பறிப்பு வரும். முதல் பறிப்புக்கு முன்பே கயிறு கட்டி, ஒவ்வொரு பறிப்பையும் தனிப் பையில் போட்டு, கடைசிவரை சேருங்கள். பச்சைக் காயாக விற்றதையும் எடை போட்டுத் தனியே எழுதுங்கள்.

ஈரத்தை 12 சதவீதத்துக்குத் திருத்த வேண்டும். 18 சதவீத ஈரத்தில் 800 கிராம் என்றால் 800×82÷88, அதாவது 745 கிராம். ஓர் ஏக்கரில் இப்படி 162 சதுரம் அடங்கும்; 162-ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு ஏறக்குறைய 121 கிலோ. காயிலிருந்து பிரித்த பயறை வாரக்கணக்கில் பையில் விட்டால் வண்டு துளைத்து எடை இறங்கிவிடும், உடனே நிறுங்கள்.

வரவுசெலவு:
இதுவரை சொன்னது மகசூல். உற்பத்தித்திறன் வேண்டுமென்றால் செலவான ஆள், விதை, மருந்து எல்லாம் வர வேண்டும். வீட்டாள் வேலையை, முக்கியமாகப் பெண்கள் காய் பறிக்கும் நேரத்தை, விட்டுவிட்டால் கணக்கே பொய். ஊர்க் கூலியில் மதிப்புப் போடுங்கள்.

ஏக்கர் மகசூல் 20 சதவீதம் கூடியிருக்கட்டும். மொத்தச் செலவில் ஆள்கூலி பாதி, விதையும் மருந்தும் ஐந்தில் ஒரு பங்கு, மீதி நிலக்குத்தகை. நிலம் மாறாமல் ஆள்நாள் 10 சதவீதமும் விதை மருந்தின் அளவு 30 சதவீதமும் ஏறியிருந்தால், 10-ல் பாதி 5, 30-ல் ஐந்தில் ஒன்று 6; இடுபொருள் வளர்ச்சி 5+6=11 சதவீதம். உண்மையான வளர்ச்சி சுமார் 9 சதவீதம்தான். செலவுப் பங்குகளுக்கு, ஒப்பிடும் இரண்டு வருடங்களின் சராசரியை எடுங்கள்; ரூபாயை அல்ல, அளவை ஒப்பிடுங்கள். விலையேற்றம் உள்ளே புகுந்தால் எல்லாமே வளர்ச்சி போலத் தெரியும்.

ஆடிப்பட்டம்:
நன்றிங்க. ஊடுபயிரை எப்படிப் பிரிப்பது? மழை நல்லா பெய்த வருடம்?

களத்துமேடு:
ஊடுபயிரில் நிலத்தைப் பிரிக்கவே வேண்டாம். அதே ஊர்த் தனிப்பயிர் மகசூலோடு ஒப்பிடுங்கள்: தனிப்பயிர் மகசூலில் பயறு 0.4 பங்கு, கடலை 0.8 பங்கு வந்தது என்றால் கூட்டி 1.2. இரண்டு பயிரும் சேர்ந்து ஓர் ஏக்கரில் 1.2 ஏக்கர் தனிப்பயிரின் வேலை செய்திருக்கின்றன. பயறை மட்டும் பார்த்தால் நல்ல உழவரையும் சோம்பேறி என்று எழுதிவிடுவோம்.

மழைக்கு: உறுப்பினர் அல்லாத, அதே மழை பெறும் மானாவாரி நிலங்களையும் முதல் வருடத்திலிருந்தே அளங்கள். உறுப்பினர்களது ஏற்றத்திலிருந்து உறுப்பினர் அல்லாதவர்களது ஏற்றத்தைக் கழியுங்கள். ஆடிப்பட்டத்தை ஆடிப்பட்டத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

வரவுசெலவு:
இன்னொன்று. பயறை விட்டு வெளியேறியவர்கள் பெயரை அழிக்காதீர்கள். மகசூல் குறைந்தவர்கள் விலகினாலே மீதிப் பேரின் சராசரி தானாக ஏறும். மூன்று வருடமும் அளந்த அதே ஆட்களின் கணக்கைத் தனியாகவும், எல்லோர் கணக்கைத் தனியாகவும் போடுங்கள்.